காற்றைக் கழித்துப் பறப்பது

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் கிராஃப் தாள் இல்லாமல் இருக்காது. ஒரு தாள், ஸ்கேல், பென்சில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வானொலியில் நான் படம் காட்ட முடியாது. நீங்கள்தான் போட வேண்டும்.

ஒரு சிறிய விமானம் நேர் வடக்கே மூக்கை வைத்து மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. மேல்காற்று மணிக்கு 70 கிலோமீட்டரில் அடிக்கிறது. தரையில் நின்று பார்ப்பவருக்கு விமானம் எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் போகும்?

310 என்று சட்டென்று கூட்டிவிடாதீர்கள். காற்று பின்னாலிருந்து தள்ளினால்தான் 310. எதிரே அடித்தால் 170. பக்கவாட்டில் அடித்தால் விடை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். இப்படி அளவும் திசையும் சேர்ந்தே வருவதைத்தான் வெக்டர் என்கிறோம். இலங்கை நேயர்கள் இதைக் காவி என்று படித்திருப்பார்கள்.

தாளில் கீழ்ப்பக்கமாக ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது 5 கிலோமீட்டர் வேகம். மேல்காற்று மேற்கிலிருந்து வருவதால் விமானத்தைக் கிழக்கே தள்ளும். ஆகவே வலப்பக்கம் 14 மில்லிமீட்டருக்கு ஓர் அம்பு. அதன் முனையிலிருந்து நேர் மேலே 48 மில்லிமீட்டருக்கு இன்னொன்று. இப்போது முதல் புள்ளியையும் கடைசி முனையையும் ஒரு கோட்டால் சேர்த்து, ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் இருக்கும். அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர். வடக்கிலிருந்து ஏறக்குறைய 16 டிகிரி கிழக்கே சாய்ந்திருக்கும். முதலில் மேலே போய் அப்புறம் வலப்பக்கம் போனாலும் அதே இடத்துக்குத்தான் வருவீர்கள். விசைகளை இந்த முறையில் கூட்டலாம் என்று நியூட்டன் 1687-இல் வெளியான தம் ‘பிரின்சிப்பியா’ நூலில் எழுதியிருக்கிறார்.

ஸ்கேல் இல்லாமலும் செய்யலாம். பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் தனித்தனியாக வைப்பதுபோல, கிழக்கு மேற்கு ஒரு கணக்கு, வடக்கு தெற்கு இன்னொரு கணக்கு. கிழக்கே ஓர் அலகு நீளமுள்ள அம்புக்கு ‘ஐ’ என்று பெயர், வடக்கே ஓர் அலகுக்கு ‘ஜே’. நம் விமானம் 70 ஐ, கூட்டல் 240 ஜே. இந்த எழுத்துகள் ஜோடியாக 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் நகரக் கால்வாய்க் கரையில் கணித உலகுக்குள் வந்தவை. மனைவியோடு நடந்துகொண்டிருந்த கணித அறிஞர் ஹாமில்டன், பல வருடம் தேடிய சூத்திரம் திடீரென்று பிடிபட்டதும் அங்கேயே பாலத்துக் கல்லில் அதைக் கீறிவைத்தார். அவருடைய முறை கொஞ்சம் முரட்டுச் சரக்கு. அதிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துத் தந்தவர்கள் அமெரிக்காவின் கிப்ஸும் இங்கிலாந்தின் ஹெவிசைடும்.

70-ஐயும் 240-ஐயும் 250-ஆல் வகுத்தால் 0.28, 0.96 கிடைக்கும். இந்த அம்பின் நீளம் சரியாக 1. வேகம் கழன்றுவிட்டது, திசை மட்டும் மிச்சம். இதுதான் அலகு வெக்டர். இதே திசையில் 500 கிலோமீட்டர் வேகம் வேண்டுமா? 500-ஆல் பெருக்குங்கள், 140, 480 என்று வந்துவிடும்.

ஆனால் விமானிக்கு நேர் வடக்கே அல்லவா போக வேண்டும்? அவர் கழித்தல் போடுகிறார். தரைமேல் வேண்டிய வேகத்திலிருந்து காற்றைக் கழித்தால், மூக்கை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். 70 கிலோமீட்டர் மேற்கே ஒதுங்க வேண்டும். முன்பு 16 டிகிரி வந்ததே, அதையே மேற்கே திருப்பினால் போதும் என்று தோன்றும். போதாது, 17 டிகிரி வேண்டும். முன்பு முக்கோணத்தின் நிமிர்ந்த பக்கமாக இருந்த 240, இப்போது சாய்ந்த பக்கமாகிவிட்டது. வடக்கே மிஞ்சும் வேகமும் 230-க்குச் சற்றுக் குறைவுதான். அதே காற்றில் தெற்கே திரும்பி வரும்போதும் மூக்கு மேற்கேதான், ஆனால் அது இப்போது விமானியின் வலக்கைப் பக்கம்.

தரையிறங்கும்போது இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும், ஓர் அம்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதையின் ஒரு முனைக்கு 07 என்று எண். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறக்குறைய 70 டிகிரி என்று பொருள். அந்தப் பாதைக்கு 30 டிகிரி சாய்வாக, எதிரே 20 நாட் வேகத்தில் காற்று அடித்தால், பாதையின் குறுக்கே தள்ளுவது அதில் பாதி, 10 நாட். நேர் எதிரே வருவது சுமார் 17. விமானி கவலைப்படுவது அந்தப் பத்தைப் பற்றித்தான். ஒவ்வொரு விமானமும் எவ்வளவு குறுக்குக் காற்றைத் தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கிறது. அதைத் தாண்டினால் வேறு ஓடுபாதை, இல்லாவிட்டால் வேறு ஊர்.