எக்ஸ்ரே குழாய்க்குத் தண்ணீர் காட்டிய கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பனமரத்துப்பட்டிக்காரன் மேடையேறினால் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவான் என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். உண்மைதான். சேலம் நகரத்தின் குடிநீருக்காக 1911-இல் அமைந்த ஏரி எங்கள் ஊர் ஏரி. அது வறண்டு கிடந்ததையும் பார்த்து வளர்ந்தவன் நான்.

எங்கள் ஆய்வகத்தில் சேலத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் கருவியில் வைத்துச் சோதிக்கிறோம். குழாய்க்கு 40 கிலோவோல்ட், 40 மில்லி ஆம்பியர். ஆக 1,600 வாட். அதில் எக்ஸ்ரேயாக வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி அவ்வளவும் உள்ளே இருக்கும் செம்பு இலக்கில் சூடாக இறங்குகிறது. தண்ணீர் நின்றால் குழாய் போச்சு.

நான் சேர்ந்த புதிதில் போர்த் தண்ணீரை ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 1,920 லிட்டர்! அம்மா குடத்தோடு வரிசையில் நின்றது எனக்கு மறக்குமா? போதாக்குறைக்கு நம்ம ஊர் உப்புத் தண்ணி. உப்புப் படிந்து, இலக்கின் பின்னால் உள்ள சின்னச் சின்ன வழியெல்லாம் அடைத்துக்கொண்டது.

சில்லர் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விலைப்பட்டியலில் 2 கிலோவாட் என்றிருந்தது. 1.6-க்கு 2 போதும்னு வாங்கிட்டேன். வெளிக்காற்று 25 டிகிரி இருந்தால்தான் அந்த 2 என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் படிக்கவில்லை. சித்திரையில் 40-ஐத் தாண்டியதும் தண்ணீர் சூடேறி, பாதுகாப்பு சுவிட்ச் கருவியைத் தினமும் நிறுத்தியது. தொல்லை தாங்காமல் அந்த சுவிட்சை ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிடச் சொன்னேன். ஆமாம், நானேதான் சொன்னேன். ஒரே வாரத்தில் குழாய் எரிந்தது. ஓர் ஆராய்ச்சி மாணவியின் வேலை ஆறு மாதம் நின்றது. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த முறை 45 டிகிரி வெயிலில் எவ்வளவு சூட்டை எடுக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். சூட்டுக்காற்று மறுபடி உள்ளே வராதபடி சில்லரை வெளியே நிழலில் வைத்தோம். மூடிய சுற்று, காய்ச்சி வடித்த தண்ணீர். தண்ணீர் படும் இடத்தில் அலுமினியம் கூடாது. செம்பும் அதுவும் ஒரே சுற்றில் இருந்தால் அரித்துவிடும். ஒளி புகாத ஹோஸ் போட்டால் பாசி பிடிக்காது. ரொம்பக் குளிர வைப்பதும் ஆபத்துதான். ஐப்பசி ஈரத்தில் குழாய் வியர்த்தால் உயர் மின்னழுத்தம் கசியும். நாங்கள் வைத்திருப்பது 22 டிகிரி.

தம்பிகளா, உள்ளே போகும் வழியிலும் வெளியே வரும் வழியிலும் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் போடுங்கள். 1,600 வாட்டுக்கு 4 லிட்டர் சரியாக ஓடினால் வித்தியாசம் 6 டிகிரிக்குள் இருக்கும். 10 காட்டினால் எங்கோ அடைப்பு. அன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.

சாப்பாடு ரெடி என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். கருவியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு நாள் ஆய்வகத்துக்கு வாங்க.