கிளாம்பாக்கத்திலிருந்து சானடோரியம் வரை



தெற்கேயிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவருக்கு இப்போது சென்னை தொடங்குவது கிளாம்பாக்கத்தில். 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வருகிற எல்லோரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. நெஞ்சு நோய்க்காகத் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் உண்டு. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. அதே பகுதியில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைத் தேடி வருகிறவர்களும் உண்டு. விடியற்காலையில், மருத்துவச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் யாரிடம் வழி கேட்பார்கள்?

முனையத்திலிருந்து சானடோரியம் வரையிலான இந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் எத்தனை பேருடைய பொறுப்பு கலந்திருக்கிறது பாருங்கள். முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). நகரப் பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தினுடையது. ஜி.எஸ்.டி. சாலை நெடுஞ்சாலைத் துறையினர் கையில். பெருங்களத்தூர் வந்தால் தாம்பரம் மாநகராட்சி. ரயில் நிலையம் தெற்கு ரயில்வே. மருத்துவமனை மாநில அரசுடையது, சித்த மருத்துவ நிறுவனமோ மத்திய அரசுடையது. அவரவர் எல்லைக்குள் அவரவர் பலகை வைத்தால், ஒரு எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வழி காட்ட ஆளில்லை. புதிதாக வருகிறவர் தவிப்பது அங்கேதான். தாம்பரம் ரயில் நிலையத்தில் கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமா என்று தெரியாமல் தவறான பக்கம் இறங்கிவிட்டால், நோயாளியோடும் பையோடும் மறுபடி படியேறி இறங்க வேண்டும். மூச்சு வாங்குகிறவருக்கு அது பெரிய தண்டனை.

லண்டனிலும் இந்தத் தொல்லை இருந்தது. நகரின் நடுப்பகுதியில் மட்டும் 32 விதமான வழிகாட்டிப் பலகை முறைகள். 2007 முதல் உள்ளாட்சிகளும் போக்குவரத்து நிறுவனமும் கைகோத்து, ஒரே அமைப்பில் வரைபடப் பலகைகளை நட்டன. இங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் எதுவரை போகலாம் என்பதையும் அதில் வட்டமிட்டுக் காட்டினார்கள்.

நமக்கு இது எட்டாத காரியமா? தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று பிரிந்திருந்த 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் 2021-ல் ஒரே தாம்பரம் மாநகராட்சியாகவில்லையா? ரயில், பேருந்து, மெட்ரோவை இணைப்பதற்கென்றே 2010-ல் சட்டம் இயற்றி உருவாக்கிய கும்டா என்ற போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. எல்லோரையும் ஒரு மேசையில் உட்கார வைக்க வேண்டியது அந்த அமைப்பு. திருநீர்மலை, மாடம்பாக்கம் கோயில்கள், வண்டலூர் உயிரியல் பூங்கா போன்ற சுற்றிப் பார்க்கும் இடங்களுக்கான பலகைகளெல்லாம் பிறகு வரட்டும். முதலில் கிளாம்பாக்கத்திலிருந்து சானடோரியம் மருத்துவமனை வாசல் வரை, ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே நிற அம்புக்குறி. பேருந்து எண்ணும், இறங்க வேண்டிய நிறுத்தமும், சாலையின் எந்தப் பக்கம் என்பதும் பெரிய தமிழ் எழுத்தில், இரவிலும் தெரியும்படி இருக்கட்டும்.