வழிப்போக்கன் அறையில் ஒரு நூல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



யாழ்ப்பாணத்து விடுதி அறைகளிலே சைவ நூல்களை வைக்க வேண்டும் என்றொரு யோசனை எமது சங்கத்தில் எழுந்திருக்கிறது. உலகெங்கும் ஹோட்டல் அறைகளில் பைபிள் இருக்கிறதே, இங்கே தேவாரம் ஏன் இருக்கக் கூடாது என்று அன்பர்கள் கேட்கிறார்கள். அந்த வழக்கம் யாரால், எதற்காகத் தோன்றியது என்று அறிந்த பின்பு மறுமொழி கூறுவதே முறை. மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்குப் பைபிள் அந்நிய நூலன்று. காலைக் கூட்டத்தில் அதைக் கேட்டே வளர்ந்தோம். ஆகவே பகையுமின்றி மயக்கமுமின்றி இதைப் பேச எம்மால் இயலும் என நம்புகிறோம்.

1898 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துப் பொஸ்கோபெல் என்னும் சிற்றூரில், ஒரு ஹோட்டலில் இடம் போதவில்லை. நிக்கொல்சன், ஹில் என்னும் இரு வியாபாரப் பிரயாணிகள், முன்பின் அறியாதவர்கள், ஒரே அறையிலே தங்க நேர்ந்தது. படுக்கைக்குப் போகுமுன் வேதம் வாசிப்பது இருவருக்கும் வழக்கம் என்று அன்றிரவு தெரியவந்தது. மறு ஆண்டு நைற்ஸ் என்பவரும் சேர, மூவருமாக ஒரு சங்கத்தைத் தொடங்கினர். முந்நூறு பேரைக் கொண்டு பெரும்படையை முறியடித்த கிதியோன் என்னும் பழைய ஏற்பாட்டு வீரனுடைய பெயரை அதற்கு இட்டனர். 1908 இல் மொன்ரானா மாநிலத்து ஹோட்டல் ஒன்றின் அறைகளிலே முதன்முதலாகப் பைபிள்களை வைத்தனர்.

இவர்கள் குருமார் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்தவர்கள். வீட்டை விட்டு வந்தவனுக்கு அந்நிய அறையில் இரவு எவ்வளவு நீளமானது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வைக்கும் பைபிளின் முற்பக்கங்களில் ஓர் அட்டவணை உண்டு: தனிமையால் வாடுபவர் எந்தப் பகுதியை வாசிக்கலாம், துயருற்றவர் எதை வாசிக்கலாம், அச்சமுற்றவர் எதை வாசிக்கலாம் என்று. அந்த அட்டவணைக்காகவே அவர்களை மெச்சலாம்.

பின்பு பிறரும் இவ்வழியைப் பின்பற்றினர். யப்பானிலே, அளவுக் கருவிகள் செய்யும் மிற்றுடோயோ கம்பனியை நிறுவிய யெஹான் நுமாதா என்பவர் 1965 இல் அமைத்த பௌத்த சங்கம், புத்தருடைய போதனைகளைச் சிறு நூலாக்கி ஹோட்டல் அறைகளில் வைத்து வருகிறது. அமெரிக்காவில் மோட்டல் நடத்துவோருள் குஜராத்திகள் பெருந்தொகையினர். அங்கே பல அறைகளில் பகவத்கீதையும் இடம்பெற்றுள்ளது. மாறாக, இங்கிலாந்திலே டிராவலொட்ஜ் என்னும் விடுதி நிறுவனம் 2014 இல் பைபிள்களை அறைகளிலிருந்து எடுத்துவிட்டது. எறிந்துவிடவில்லை, கேட்பவருக்குக் கொடுப்பதற்காக வரவேற்பு மேசையிலே வைத்துக்கொண்டது.

நிற்க. நமது நாட்டு வழக்கம் யாது? பருத்தித்துறைக்குப் போனவர்கள் தெருமூடிமடத்தைக் கண்டிருப்பார்கள். வீதியின் மேலேயே கற்றூண்கள் நாட்டிக் கூரை போட்டு, இரு புறமும் திண்ணை அமைத்திருக்கிறார்கள். மடத்துக்குப் போக வழிப்போக்கன் விலக வேண்டியதில்லை. அவன் போகும் வழியே மடத்துக்குள் நுழைகிறது! நமது முன்னோர் அவனுக்கு வைத்தவை நிழல், தண்ணீர், சுமைதாங்கி, மாட்டுக்கு ஆவுரஞ்சிக்கல். நூல் வைத்தாரில்லை. நூலைத் தனியே விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கவில்லை. கந்தபுராணப் படிப்பைப் பாருங்கள்: ஒருவர் செய்யுளைப் படிப்பார், ஒருவர் பயன் சொல்வார், ஊர் இருந்து கேட்கும்.

இந்த நிலைமை மாறியது அச்சு இயந்திரத்தாலே. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1834 இல் மானிப்பாயில் அச்சகம் அமைத்தனர். துண்டுப் பிரசுரங்கள் கிராமந்தோறும் புகுந்தன. அதற்கு எதிர்நின்றவர் மிஷன் பாடசாலையிலே படித்து, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்ற நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் 1848 இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கியதை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். 1852 இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டாரே, அதை அவ்வளவு பேசுவதில்லை. அதுவே பெரிய காரியம் என்பது எமது எண்ணம். பயன் சொல்ல ஆளில்லாத இடத்திலும், ஒருவன் தனியே இருந்து தானே வாசித்து விளங்கிக்கொள்ள அந்த வசனம் வழி செய்தது.

பெரியோர் சிலர் ஒரு தடை சொல்கிறார்கள். புலாலும் மதுவும் புழங்கும் அறையில் திருமுறையை வைப்பதா? கால் பட்டால் நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாம், அதைச் சப்பாத்துக்குப் பக்கத்து லாச்சியிலே போடுவதா? இது பழம்போக்கு என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. எமக்கு இன்னொரு தடையும் தோன்றுகிறது. 2009 இல் யுத்தம் முடிந்த பின் நயினாதீவுக்கு வரும் சிங்கள யாத்திரிகர் பலர். அவர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நமது விடுதிகளில் உறங்குகிறார்கள். கொடி நாட்டுவது போல அறைதோறும் நூலை நாட்டினால், நமது கையில் திணிக்கப்பட்ட துண்டுப் பிரசுரங்களுக்காக நாம் வருந்தியதற்குப் பொருள் இல்லாமற் போகும்.

ஆயினும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த அறைகளில் வேறு யார் உறங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கனடாவிலிருந்தோ நோர்வேயிலிருந்தோ வந்த நம்மவர், தாம் பிறந்த ஊரிலேயே வாடகைக்கு அறை எடுத்துத் தங்குகிறார். வீடு இடிந்துவிட்டது, அல்லது காணியில் வேறு யாரோ இருக்கிறார்கள். தாயின் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு வந்தவர். காணி உறுதியோடு கந்தோர் கந்தோராக அலைபவர். உடன் வந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு நித்திரை வராமல் அவர் எழுந்திருக்கும்போது, பக்கத்தில் பயன் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அவருக்குக் கொடுக்கத் தேவாரத்தைப் போல் ஏற்றது வேறில்லை. அதைப் பாடிய மூவரும் வழிப்போக்கர்களே! பசித்து நடந்த அப்பருக்குத் திருப்பைஞ்ஞீலி வழியிலும் சுந்தரருக்குத் திருக்குருகாவூர் வழியிலும் இறைவன் பொதிசோறு கொடுத்தான் என்று புராணம் கூறும். சூலைநோயால் துடித்தவர் பாடியது உண்டு, கண்ணிழந்தவர் பாடியது உண்டு. கிதியோன் சங்கத்தாரைப் போல் ஓர் அட்டவணை போட நமக்குச் சரக்கு இல்லையா?

எனவே எமது யோசனை இது. முழுத் திருமுறை வேண்டாம். நோயுற்றவருக்கு, உறவினரை இழந்தவருக்கு, உறக்கம் வராதவருக்கு என்று பிரித்துச் சில பதிகங்கள். ஒவ்வொன்றுக்கும் எளிய வசனத்திலே பயன். தமிழோடு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். அயலிலுள்ள கோயில்களின் பூசை நேரங்கள் ஒரு பக்கத்தில். பிற சமயத்தைக் குறைத்துரைக்கும் ஒரு வரியும் இருத்தலாகாது. அட்டையிலே சங்கத்தின் பெயரும் வேண்டாம், நன்கொடையாளர் படமும் வேண்டாம். வைக்கும் இடம் அறை லாச்சியன்று; வரவேற்பு மேசைக்கருகே ஒரு சுத்தமான தட்டு. விரும்பியவர் எடுத்துச் செல்லட்டும். கொண்டே போய்விட்டாலும் நன்று.

எந்தப் பதிகங்கள் என்பதைப் பண்டிதர்களிடம் கேட்போம். சிங்களத்திற் பெயர்க்க வல்லவர்கள் எமது பல்கலைக்கழக நண்பர்களுள் இருக்கிறார்கள். அச்சுக்கூலிக்கு மாத்திரம் சங்கத்தின் பெட்டியில் பணம் இல்லை. அதற்கு வழி சொல்லக்கூடிய பெரியோர்கள் இச்சபையின் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள் என்பதைத் தெரிவித்து அமைகிறோம்.