இணையமும் இளையோரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வகுப்பறையில் ஆசிரியர்கள் தொடத் தயங்கும் பொருள். பல்லாண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்த நானும் அவ்வாறு தயங்கியவனே.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டன, கைப்பேசியே கரும்பலகையாயிற்று. நான் தலைமையாசிரியராக இருந்த ஊரில் ஒரு கூலித் தொழிலாளி கடன் வாங்கித் தம் மகனுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தார். சில திங்கள் கழித்து அதை என் மேசைமேல் வைத்து, "ஐயா, இதை வாங்கச் சொன்னது பள்ளிக்கூடந்தானே?" என்றார். ஒன்பதாம் வகுப்பு மாணவன் பார்க்கத் தகாத காட்சிகளை அவன் அதில் பார்த்திருந்தான். முதலில் அவன் அவற்றைத் தேடிச் செல்லவில்லை. கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கை பார்க்கத் திறந்த பக்கத்தில் வந்த விளம்பரம் அவனை அங்கே இழுத்துச் சென்றது. பின்னரே அவன் தேடத் தொடங்கினான். நான் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். கண்டவற்றால் அவன் மனம் என்ன பாடுபட்டது என்று நான் கேட்கவே இல்லை. பயிற்சிக் கல்லூரியில் குமரப்பருவ உளவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவன் நான் என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தத் தந்தை இன்னொன்றும் கேட்டார். "இணைப்புக் கொடுக்கும் கம்பெனிக்காரர்களே இதையெல்லாம் அடைத்துவிடக் கூடாதா?" நேர்மையான கேள்வி. இதற்கு விடை காண, அடைப்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். இணைப்பு வழங்கும் நிறுவனம் ஓர் அட்டவணையைப் பார்த்து, அப்பெயரை எண் முகவரியாக மாற்றித் தருகிறது. 'அப்படியொரு முகவரி இல்லை' என்று அவ்வட்டவணை பொய் சொல்லுமாறு செய்வதே எளிய தடுப்பு முறை. வேறொருவரது அட்டவணையை நாடினால் அத்தடை நீங்கிவிடும். மேலும், இக்காலத்தில் பெரும்பாலான தளங்களின் செய்திகள் பூட்டிய உறைக்குள் செல்கின்றன. தபால்காரர் உறைமேல் உள்ள முகவரியைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க இயலாது. ஆகவே பெரிய தளமொன்றில் ஒரு பக்கத்தை மட்டும் அடைக்க நிறுவனத்தால் இயலாது. தளம் முழுவதையும் அடைக்கலாம். அன்றேல் முழுவதையும் விட்டுவிடலாம்.

நம் நாடு இதைச் செய்து பார்த்தது. 2015 சூலை இறுதியில் 857 தளங்களை அடைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அது தளர்த்தப்பட்டது. குழந்தைகளைக் காட்டும் ஆபாசம் இல்லாத தளங்களை அடைக்க வேண்டியதில்லை என்றார்கள். எதில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று தாங்கள் எவ்வாறு தீர்மானிப்பது என நிறுவனங்கள் கேட்டன. கம்பி இழுப்பவரை நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைத்தால் அவர் வேறென்ன சொல்வார்? 2018-இல் உத்தரகண்ட உயர் நீதிமன்றத்தின் ஆணைக்குப் பின் மீண்டும் தடை வந்தது. அப்போது ஆராய்ந்து பார்த்ததில், 857-இல் 30 தளங்களில் அத்தகைய பொருளே இல்லை என்று கண்டு, 827 தளங்களை அடைத்தார்கள். அந்த முப்பதும் முதற்பட்டியலில் எவ்வாறு நுழைந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 2013-இல் பிரதமர் கேமரான் அறிவித்த திட்டப்படி, பெரிய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் வடிகட்டியை அமைத்தன. வேண்டாதவர் அதை நீக்கிக்கொள்ளலாம். அவ்வடிகட்டிகள் பாலியல் கல்வித் தளங்களையும், கொடுமைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் தளங்களையும் சேர்த்து அடைத்தது அவ்வாண்டே வெளிப்பட்டது. எங்கள் பள்ளிக் கணினி அறையிலும் இதே கதைதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் உள்ள இனப்பெருக்கப் பாடத்திற்குப் படம் தேடினால் வடிகட்டி மறுத்துவிடும். சூதாட்ட விளம்பரங்களை மட்டும் மரியாதையுடன் உள்ளே அனுப்பும்! 2025 சூலை முதல் இங்கிலாந்தில், பார்ப்பவரின் வயதை உறுதிசெய்யும் கடமை அத்தளங்கள் மேலேயே சுமத்தப்பட்டுள்ளது. உடனே, இருக்குமிடத்தை மறைத்துச் செல்லும் செயலிகளைப் பலர் நாடினர்.

ஆகையால் அடைப்பதே வீண் என்கிறேனா? இல்லை. தேடிச் செல்பவனை அது தடுக்காது. தேடாமல் இடறி விழும் பத்து வயதுக் குழந்தையை ஓரளவேனும் தாங்கும். எனவே வடிகட்டும் வசதியை ஒவ்வொரு நிறுவனமும் கட்டணமின்றித் தர வேண்டும். அதை வைப்பதும் நீக்குவதும் பெற்றோர் கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் சிம் அட்டை தந்தையின் பெயரில் இருக்கிறது. கைப்பேசியோ தாய், மகன், மகள் எனக் கை மாறுகிறது. இப்போது அதை வைத்திருப்பவர் யார் என்பதை நிறுவனம் எவ்வாறு அறியும்? கைப்பேசியிலேயே பிள்ளைகளுக்கெனத் தனிக் கணக்கு அமைப்பது இதனினும் பயன் தரும்.

குழந்தைகளைத் துன்புறுத்தி எடுத்த படங்கள் வேறு வகை. அவற்றில் விருப்பம், உரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. முற்றும் அடைக்க வேண்டியவை. அவற்றை அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருப்பவர் குற்றவாளியாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நண்பன் அனுப்பினான் என்று சேமித்து வைக்கும் மாணவர்கள் இதை அறிந்திருத்தல் நலம். எவரேனும் உங்களைப் படம் காட்டி அச்சுறுத்தினால் 1098 என்ற எண்ணை அழையுங்கள்; எந்த நேரமும் அழைக்கலாம்.

சென்ற ஆண்டு அப்பையனைப் பேருந்து நிலையத்தில் கண்டேன். இளைஞனாகிவிட்டான், பணிமனை ஒன்றில் வேலை பார்க்கிறான். தன் தம்பியின் கைப்பேசியில் தானே தடுப்பு அமைத்ததாகவும், ஒரே வாரத்தில் தம்பி அதை நீக்கிவிட்டதாகவும் சொல்லிச் சிரித்தான். "பிறகு என்ன செய்தாய்?" என்றேன்.

"மொட்டை மாடியில் உட்கார்ந்து இருவரும் வெகுநேரம் பேசினோம், ஐயா" என்றான். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். அதை அவன் சொல்லவில்லை. அவன் ஊர்ப் பேருந்து வந்துவிட்டது.