கணைக்கால் முறிந்தால்

பைக் ஓட்டுபவரின் காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. காரின் பம்பர் இடிக்கும் உயரத்தில்தான் அவருடைய முழங்காலும் கணைக்காலும் இருக்கின்றன. தலைக்காவது ஹெல்மெட் உண்டு. காலுக்குப் பலரிடம் ரப்பர் செருப்புதான்.

கணைக்காலின் முன்பக்கத்தை விரலால் தடவினாலே எலும்பு தட்டுப்படும். அங்கே சதைப்பிடிப்பு இல்லை, தோல் மட்டும்தான். முறிந்த எலும்பின் முனை அந்தத் தோலை எளிதில் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இதற்குத் திறந்த முறிவு என்று பெயர். எலும்பின் கீழ்ப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடிவர மாதக்கணக்காகும். சாலையின் மண்ணும் சாணமும் புண்ணில் ஏறிவிட்டால், முறிவைவிடச் சீழ்தான் பெரிய ஆபத்து. ஆன்டிபயாடிக் மருந்தை முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும், டி.டி. ஊசியும் தேவை. வீட்டிலிருந்து கொண்டுவந்து அப்பும் மஞ்சளும் காப்பித்தூளும் மருத்துவர் கழுவி எடுக்க வேண்டிய அழுக்காகத்தான் சேரும்.

நசுங்கிய காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிட வேண்டுமா என்பது மருத்துவருக்கே கடினமான முடிவு. இதற்குக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றின் சேதத்துக்கும் 5 வரை மதிப்பெண். வெளிநாட்டு மருத்துவர்களும் இதை எடுத்தாளுகிறார்கள்.

கையில் வரும் கொடிய காயம் வெளியே தெரியாது. தூக்கி எறியப்பட்டவர் தோள் தரையில் மோத விழும்போது, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டு அறுந்துவிடலாம். எலும்பு முறியாமலே கை துவண்டு தொங்கும். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதற்குள் தசை சூம்பிவிடக் கூடாது. அறுவை தேவைப்பட்டால் 6 மாதங்களுக்குள் செய்வதே நல்லது. தானாகச் சரியாகும் என்று காத்திருந்து கையை இழப்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

பின்னால் உட்காரும் குழந்தைகளின் காயம் வேறு வகை. தூக்கக் கலக்கத்தில் கால் நழுவி, சுழலும் ஸ்போக்கில் குதிகால் சிக்கித் தோல் உரிந்துவிடுகிறது. சக்கரத்தின் பக்கத்தில் ஒரு வலைத்தடுப்பு போட்டாலே இதைத் தவிர்க்கலாம்.

அடிபட்ட இடத்தில் செய்ய வேண்டியவை சில. இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளக் கூடாது. குடையோ கட்டையோ வைத்து, கால் அசையாதபடி, ஆனால் இறுக்கிவிடாமல் கட்ட வேண்டும். கால்விரல்கள் வெளியே தெரிய வேண்டும். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைக்க வேண்டும்; விரலில் பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது.

மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போனால், விரலை நீட்டும்போது உயிர்போகும் வலி எடுத்தால், உள்ளே தசை இறுகி இரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். அவரை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்லியாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.