சங்கிலி எங்கே பூட்டப்பட்டது?

(வாலிபர்களும் வணிகப் பெருமக்களும் கூடியிருந்த நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஏர்வாடி நமக்குத் தூரத்து ஊர் அல்ல. கீழக்கரையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வாலிபர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்ற பெயரில் ஒரு தனியார் விடுதி. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரே வாரத்தில் அதுபோன்ற விடுதிகள் மூடப்பட்டன. ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். 2007இல் விடுதிக்காரருக்கு ஏழாண்டுச் சிறை கிடைத்தது.

தர்காவின் மீதும் சமுதாயத்தின் மீதும் பழி வந்தபோது, விடுதி தனியாருடையது, அங்கே எல்லா மதத்தவரும் இருந்தார்கள் என்று பதில் சொன்னோம். சரியான பதில்தான். ஆனால் இன்னொரு கேள்வியை நாம் கேட்கவில்லை. அந்த ஐநூறு பேரைக் கொண்டுவந்து விட்டவர்கள் யார்? வாப்பா, உம்மா, காக்கா, கணவன், மகன்! (தர்கா பற்றிய விவாதத்தை நான் இன்று எடுக்கவில்லை. அதற்கு வேறு மேடை இருக்கிறது, அங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.)

உங்கள் வீடுகளுக்கு வருகிறேன். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் மாப்பிள்ளை சபர் போகிறார். தினமும் போனில் முகம் பார்க்கிறார்கள். ஆனால் பேச்சு என்ன? பணம் வந்ததா, நகையை மீட்டாயா, உம்மாவுக்குச் சுகர் எப்படி? மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று அவர் சொல்வதில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை என்று அவளும் சொல்வதில்லை. ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் மறைக்கிறார். இரண்டு வருடம் கழித்து அவர் ஊர் வரும்போது, வீட்டுக்குள் இரண்டு அந்நியர்கள்! பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குப் போனவர் இலங்கைச் சிறையில் இருக்கும்போது அவர் மனைவியின் இரவு எப்படியிருக்கும் என்று யார் கேட்கிறோம்? வணிகச் சகோதரர்களே, கடையில் வாடிக்கையாளரிடம் சிரித்துவிட்டு, நஷ்டத்தின் கோபத்தை யார் மீது இறக்குகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்களைச் சொல்லும்முன் என்னைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ரியாதிலிருந்து திரும்பிய ஒரு தம்பி, இஷா முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஹஜ்ரத், கல்பே இருண்ட மாதிரி இருக்கு. உம்மாகிட்ட பேசக்கூடப் பிடிக்கல" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஈமான் பலவீனம் தம்பி, தஹஜ்ஜுத் தொழு" என்றேன். அவன் தொழுதுகொண்டுதான் இருந்தான். நான் அதைக் கேட்கவுமில்லை. மூன்று மாதம் கழித்து அவன் உம்மா அழுதுகொண்டு ஓடி வந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்திருக்கிறான். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தான். இது மனச்சோர்வு நோய், மருந்தும் பேச்சும் சேர்ந்தால் குணமாகும் என்று டாக்டர் சொன்னார். என்னிடம் சொன்ன பிறகு அவன் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஈமான் இல்லாதவன் என்று அவர்களும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்! அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்.

ஏழாண்டு மதரஸாவில் ஓதியவன் இதை மறந்திருக்கக்கூடாது. மகனைப் பிரிந்த துக்கத்தில் யாகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதை சூரா யூசுஃப் சொல்கிறது. அவருக்கு ஈமான் குறைவா? கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே நம் வரலாறு அழைக்கிறது. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலையும் உள்ளத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் வரும் துக்கம் இன்னொன்று என்று பிரித்தார். முன்னதற்கு ஆறுதலான பேச்சும், பின்னதற்கு உடம்புக்கான வைத்தியமும் வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர் எழுதியதை விட்டுவிட்டு நாம் தாயத்துக்கு ஓடுகிறோம். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. டாக்டரிடம் போகாமல் ஓதுவதை மட்டும் நம்பி ஆறு மாதத்தைக் கடத்துவதைத்தான் தடுக்கிறேன்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கும் அங்கேயே அரசு மனநல டாக்டர்கள் மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், செலவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அறவே தடுக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அது கருதுகிறது. போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் ஒருவர் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். "பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று மூடி மறைத்துத்தான் கடைசியில் அறைக்குள் பூட்டுகிறோம். ஏர்வாடிக்குப் போன பலரின் கதை அப்படித்தான் வீட்டில் தொடங்கியிருக்கும்.

ஒவ்வொரு முஹல்லாவிலும் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் வேண்டும். மருத்துவமனைக்குத் துணையாகப் போக வேண்டும், சீட்டுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும், அடுத்த மாத மருந்து தீருமுன் ஞாபகப்படுத்த வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. பெண்களிடம் பெண்களே போக வேண்டும். பஸ் செலவை ஜமாஅத் பைத்துல்மாலிலிருந்து தரும்படி நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன். அந்தத் தம்பி முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டான். மற்றவர்கள் இஷாவுக்குப் பிறகு என்னிடம் வாருங்கள். வஸ்ஸலாம்.