ஒன்பது பேர் கொண்ட அணி

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில், பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சு இல்லாத ஒரு விஷயத்துக்காக ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூப்பிட்டிருக்கிறோம். மழைக்கு முன் முடித்துவிடுகிறேன்.

பாடசாலைக்குப் போட்டிக் கடிதம் வந்தால் என்ன நடக்கிறது? தமிழ்மொழித் தினப் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை மட்டம் வரை போகிற போட்டி. நல்ல போட்டிதான். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இருக்கிற நம் பிள்ளைகள் வெளியே ஒரு மேடை ஏற அதைவிட்டால் வழி குறைவு. ஆனால் போகிறவர் யார்? பேச்சுக்கும் அதே பிள்ளை, கட்டுரைக்கும் அதே பிள்ளை. மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். வான் கூலி காணாவிட்டால் அதுவும் இல்லை. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. வெல்லக்கூடிய பிள்ளையை அனுப்பு என்றுதான் போட்டியே கேட்கிறது.

வேறு மாதிரி கேட்கிற போட்டி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஆரஞ்சு கவுண்டி என்ற பகுதியில், ரொபர்ட் பீற்றர்சன் என்ற கல்வி அதிகாரி 1968இல் தொடங்கியது. பெயர் அக்கடமிக் டெகாத்லன். ஒரே வீரர் ஓட்டம், பாய்தல், எறிதல் என்று பத்து விளையாட்டில் இறங்குவார் இல்லையா, அதைப் படிப்புக்குக் கொண்டுவந்தார்கள். கணிதம், விஞ்ஞானம், இலக்கியம், சமூகக் கல்வி, பொருளாதாரம், சித்திரம், சங்கீதம், கட்டுரை, பேச்சு, நேர்முகம் ஆகிய பத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் இறங்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அது நாடு முழுவதற்குமான போட்டியாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது அதன் அணி விதியை. ஓர் அணிக்கு ஒன்பது பேர். மூன்று பேர் வகுப்பில் நல்ல புள்ளி எடுப்பவர்கள். மூன்று பேர் நடுத்தரம். மூன்று பேர் புள்ளி குறைந்தவர்கள். ஒவ்வொரு பிரிவிலும் கூடுதலாக எடுத்த இருவரின் புள்ளியைத்தான் அணிக்குக் கூட்டுவார்கள். ஆக, முதல் மூன்று கெட்டிக்காரரும் நூற்றுக்கு நூறு எடுத்தாலும், கடைசி மூவரையும் யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த அணி மேலே வராது. பதக்கமும் பிரிவுக்குப் பிரிவு தனி. புள்ளி குறைந்த பிள்ளை விரும்பினால் மேல் பிரிவில் போட்டியிடலாம், மேல் பிரிவுப் பிள்ளை கீழே இறங்கக் கூடாது.

அங்கேயும் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதீர்கள். 1995இல் சிகாகோவில் ஓர் அணி வினாத்தாளை முன்கூட்டியே எடுத்து வென்றது, பிறகு பிடிபட்டுப் பட்டத்தை இழந்தது. இன்னொரு தந்திரமும் உண்டு. மூளை இருந்தும் வீட்டுப்பாடம் செய்யாமல் புள்ளி குறைந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து மூன்றாம் பிரிவில் போடுவார்கள். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெல்ல வேண்டும் என்ற ஆசைக்காகவாவது, புள்ளி குறைந்த பிள்ளைகளுக்குள் கெட்டிக்காரர் யார் என்று தேடுகிறார்கள். நம் பக்கத்தில் அப்படி யார் தேடுகிறார்கள்?

கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவது உங்களுக்குத் தெரியும். மலையில் நின்ற நேரம் முழுநாள்தான், ஏட்டில் அரை நாள். அதற்கு எத்தனை தடவை துரையிடம் போய் வாதாடியிருக்கிறோம். செடியில் கொழுந்து இல்லை, மழை பெய்தது, புல் மண்டிக் கிடக்கிறது என்று காரணம் சொல்லியிருக்கிறோம். பிள்ளைக்கு வகுப்பில் அரைப்பேர் விழும்போது அந்தக் காரணங்களை யாரும் கேட்பதில்லை. பால்வெட்டுக்கு அம்மாவும் அப்பாவும் விடியமுன் போய்விட்டால் சின்னவர்களை எழுப்பி, தேத்தண்ணி வைத்து, தலைவாரி அனுப்புவது மூத்த பிள்ளை. அது பாடசாலைக்கு வரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். சாதாரண தரப் பரீட்சையில் 35க்குக் குறைந்தால் சித்தி இல்லை. அந்த எழுத்து வந்த அடுத்த மாதமே கொழும்புக் கடைக்கு ஆள் கேட்டு ஒருவர் லயத்துக்கு வந்துவிடுகிறார்.

அதே பிள்ளை லீவு நாளில் டவுனில் ஒரு கடையில் நின்றிருக்கும். சிங்களத்தில் பேரம் பேசும், மீதிச் சில்லறையை மனக்கணக்கில் சொல்லும். பத்து விதமாகக் கேட்டால் ஏதாவது ஒன்றில் அந்தப் பிள்ளை முன்னுக்கு வரும் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. தரம் 10, 11 பிள்ளைகளில் தோட்டத்துக்கு ஒன்பது பேர். தவணைப் பரீட்சைச் சராசரி 75க்கு மேல் மூன்று பேர், 50க்கும் 75க்கும் இடையில் மூன்று பேர், 50க்குக் கீழே மூன்று பேர். சின்னத் தோட்டமானால் பக்கத்துத் தோட்டத்தோடு சேரலாம். கணிதம், விஞ்ஞானம், தமிழ், வரலாறு இருக்கும். சிங்களத்தில் பேச்சு இருக்கும். சம்பளச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, சேமலாப நிதிக்கு எவ்வளவு, சந்தாவுக்கு எவ்வளவு, கையில் எவ்வளவு என்று கேட்கிற கேள்வியும் இருக்கும். (அதில் தலைவர்மாரும் உட்கார்ந்து பார்க்கலாம்.) புள்ளியை அமெரிக்கக் கணக்குப்படியே கூட்டுவோம்.

போன வாரம் ஒரு தகப்பன் கேட்டார்: "சேர், என் மகளைக் கடைசி மூன்று பேரில் போட்டால் லயம் முழுக்கத் தெரிந்துவிடுமே?" நியாயமான கேள்வி. அந்த வெட்கம் ஒரு பிள்ளையைப் பாடசாலையை விட்டே நிறுத்திவிடும். அதனால் எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்ற பட்டியல் ஆசிரியரிடம் மட்டும் இருக்கும். மேடையில் ஒன்பது பேரும் தோட்டத்தின் பெயரில் ஒரே வரிசையில் உட்காருவார்கள். பரிசும் அணிக்குத்தான், ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி.

கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், தங்கள் பிள்ளையின் நேரம் வீணாகும் என்பார்கள். பின்னத்தைத் தம்பிக்கு மூன்று தடவை விளக்கிச் சொல்லிப் பார்க்கட்டும், மூன்றாம் தடவையில் சொல்கிற பிள்ளைக்கே அது இன்னும் தெளிவாகும்.

சந்தாப் பணத்திலிருந்து வான் கூலிக்கும் பகல் சாப்பாட்டுக்கும் ஒதுக்க மாவட்டக் கமிட்டி ஒத்துக்கொண்டிருக்கிறது. கமிட்டியிடம் இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். மாலை 4 மணிக்குப் பிறகு படிக்க, லைட் உள்ள ஓர் இடம். கோயில் மண்டபமோ பிள்ளைக் காம்பராவோ போதும். அடுத்தது, மூத்த பிள்ளை படிக்க வருகிற நேரம் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர். மாதர் சங்கம் முறை வைத்துக்கொண்டால் நல்லது.

பெயர்களை அடுத்த சம்பள நாளுக்குள் தாருங்கள். முதலில் கடைசி மூன்று பெயரை எழுதுங்கள். மற்ற ஆறும் எங்களுக்குத் தெரியும்.